நேர் கிழக்கே ஒரு மார்க்

செஞ்சியில் உட்கார்ந்துகொண்டு நான் படகுக்காரர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். சிரிக்க வேண்டாம், எல்லாரும் சிரித்து முடித்தாயிற்று. முதலில் சிரித்தவர் என் வீட்டுக்காரர். "செஞ்சிக்குக் குடிக்கிற தண்ணியே ஒழுங்கா வரல, நீ கடலுக்குப் பதில் சொல்லப் போறியா?" என்று கேட்டுவிட்டு அவலூர்பேட்டை பஸ்ஸைப் பிடிக்கப் போனார். அங்கே ஓர் உரக்கடையில் அவருக்கு வேலை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கொஞ்ச நாள் அவருக்கு வீட்டில் ரசம் மட்டும்தான்.

வேலை இதுதான். எங்கோ குளிர் தேசத்தில் ஒரு கம்பெனி, படகில் வைக்கும் கருவிகளைச் செய்கிறது. கடலின் ஆழத்தைக் காட்டுவது, மீன் கூட்டத்தைக் காட்டுவது, படகு எங்கே நிற்கிறது என்று காட்டுவது, இப்படி. சென்னையில் அவர்களுக்கு ஒரு சின்ன ஆபீஸ். கருவி பழுதானால் மீனவர்கள் போன் செய்வார்கள். தமிழில் பொறுமையாகப் பதில் சொல்ல ஆள் வேண்டும், வீட்டிலிருந்தே சொல்லலாம் என்று விளம்பரம் வந்தது. பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் சொல்லிக்கொடுத்த வேலை போய், வீட்டில் சும்மா இருந்த நேரம் அது. பயிற்சி வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, எந்தப் பட்டன் எதற்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டேன். படகில் மட்டும் ஒரு நாளும் கால் வைத்ததில்லை.

நான் பிறந்தது பக்கத்துச் சிங்கவரம். நெல்லும் வேர்க்கடலையும் விளைகிற ஊர். அங்கே குன்றைக் குடைந்து பெருமாள் படுத்திருக்கிறார், பாம்பின் மேல், பாற்கடலில். எங்கள் ஊரில் கடலோடு பழக்கம் உள்ளவர் அவர் ஒருவர்தான், அவரும் எழுந்து வந்து ஒன்றும் சொல்வதில்லை என்று என் நைனா கேலி செய்வார்.

மாடியில் பின்பக்க அறையில் என் மேசை. ஜன்னலுக்கு நீலத் திரை. மதிய வெயில் அந்தத் திரையைத் தாண்டி உள்ளே வரும்போது அறை முழுக்க நீலம் நிரம்பிவிடும். திரை அசைந்தால் சுவரில் வெளிச்சம் அலையடிக்கும். காதில் ஹெட்போன். அந்தப் பக்கம் இன்ஜின் சத்தம், காற்று, என்னவென்று தெரியாத ஏதோ ஒரு பறவையின் கத்தல், எல்லாவற்றுக்கும் பின்னால் ஓயாத ஓர் இரைச்சல். அதுதான் கடல். திரையை விலக்கினால் ராணிக்கோட்டை மலை, உருண்டு கிடக்கும் பாறைகள், மேலே மதில். கடலுக்கு அடியிலும் இப்படிப் பாறைக் குன்றுகள் உண்டு, அதைப் 'பார்' என்பார்கள், மீன் அதைச் சுற்றித்தான் கூடும் என்று ஒரு மீனவர் எனக்குச் சொல்லியிருந்தார். அதன் பிறகு மலையை நான் முன்போலப் பார்க்கவில்லை. சாப்பாடு முடிந்து கண் சொக்குகிற நேரத்தில் மதில் இடுக்குகளில் மீன்கள் நுழைந்து போகும். கோட்டை உச்சிக்கு மேலே, ரொம்ப உயரத்தில், ஒரு படகின் அடிவயிறு மெதுவாக நகரும். போன் அடித்ததும் தண்ணீர் வடிந்துவிடும்.

அப்படி ஒரு மதியத்தில்தான் அவர் போன் செய்தார். சித்திரை மாதம்.

"ஹலோ, மிஷினு கம்பெனியா?"

"வணக்கம் சார், சொல்லுங்க சார்."

"சாரு கீருலாம் வேணாம்மா. மிஷினு எரியமாட்டேங்குது."

மரக்காணம் பக்கத்து ஆள். ஐம்பது வயதுக் குரல். பைபர் படகு, வெளியே மோட்டார் மாட்டியது. கருவி, படகு எங்கே இருக்கிறது என்று திரையில் காட்டுகிற வகை. போட்டால் கம்பெனிப் படம் வருகிறது, பிறகு கறுத்துப் போய்விடுகிறது. மாடல் நம்பரைக் கேட்டுத் தட்டினேன். பழைய மாடல், இதற்கு உதவி நிறுத்தப்பட்டது என்று சிவப்பு எழுத்தில் வந்தது. ஆனாலும் கடைசி மருந்து ஒன்று எல்லா மாடலுக்கும் உண்டு. அதை எடுத்தேன்.

"ஒரு வழி இருக்குதுண்ணே. பவர் பட்டனையும் மெனு பட்டனையும் சேத்து அழுத்திப் புடிச்சீங்கன்னா மிஷின் புதுசு மாதிரி ஆயிடும்."

"ஆனா மார்க்கு இருக்கும் இல்ல?"

கடலில் நல்ல இடம் கண்டால், பாரோ, மீன் கூடும் பள்ளமோ, அங்கே ஒரு பட்டனைத் தட்டிக் குறித்து வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர்தான் மார்க். ஒரு படகின் வாழ்வு அதில்தான் இருக்கிறது.

"மார்க்கு போயிடும்ணே. எல்லாமே போயிடும்."

"அப்ப வேணாம்மா," என்றார். வைத்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. வழி சொன்னால் வேண்டாம் என்கிறாரே, போய்த் தொலையட்டும் என்று அடுத்த போனை எடுத்தேன். மறுநாள் அவரே மறுபடி கூப்பிட்டு, நேற்றுப் பேசின அந்தப் பொம்பளைதான் வேண்டும் என்று அடம் பிடித்து என்னிடம் வந்து சேர்ந்தார்.

"எல்லா மார்க்கும் போவட்டும்மா. ஒரே ஒரு மார்க்க மட்டும் காப்பாத்திக் குடுத்துடு," என்றார்.

அந்தக் கருவியில் ஒரு பட்டன் உண்டு. படகிலிருந்து ஆள் விழுந்தால் அந்தக் கணமே அதை அமுக்க வேண்டும். அமுக்கினால் திரையில் அந்த இடத்தில், கை தூக்கிய சின்ன மனித உருவம் ஒன்று விழும். படகு எங்கே அடித்துக்கொண்டு போனாலும் அந்த உருவத்தைப் பார்த்துத் திரும்பி வரலாம். பயிற்சி வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் தண்ணீரில் விழுவார், பட்டனை அமுக்குவார்கள், அவர் சிரித்துக்கொண்டே ஏணியில் ஏறி வருவார். எனக்கும் அதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"எந்தம்பிம்மா. வலை இழுக்கறப்ப ஒரு அலை வந்துது. நான் பட்டன அமுக்கிட்டேன். ஒடனே அமுக்கிட்டேன்."

ஒடனே அமுக்கிட்டேன் என்று இன்னொரு தரமும் சொன்னார். ஊர்ப் படகெல்லாம் வந்து தேடியிருக்கிறார்கள். தம்பி கிடைக்கவில்லை. கை தூக்கிய உருவம் மட்டும் மெஷினில் நின்றுவிட்டது.

வருஷா வருஷம் ஆனி மாதத்தில் அந்த நாளில் அவர் அங்கே போவார். இன்ஜினை நிறுத்திவிட்டு, அவர் அம்மா பிடித்துக் கொடுத்த வேர்க்கடலை உருண்டைகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விடுவார். தம்பிக்கு அதுதான் பிடிக்குமாம். பொம்பளைகள் படகில் ஏறும் வழக்கம் அவர்கள் ஊரில் இல்லை. ஆனால் இந்த வருஷம் அம்மா ஒரே பிடியாக நிற்கிறது: சாவதற்குள் ஒருவாட்டி பிள்ளை இருக்கிற இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். கூட்டிப் போகிறேன் என்று இவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். கொடுத்த பிறகு மெஷின் கறுத்துவிட்டது.

"கரைல ஒரு மண்ணுமேடு இருந்தா காட்டலாம். அது தண்ணிம்மா. மிஷினு இல்லாம எங்கன்னு போயி நிக்கறது? சும்மா எங்கியாச்சும் நிறுத்தி இதான்னு பெத்தவகிட்ட பொய் சொல்லச் சொல்றியா?"

நான் சுறுசுறுப்பாகிவிட்டேன். இது ஒன்றும் பெரிய விஷயமில்லை. கருவியின் பக்கவாட்டில் சின்ன மூடி ஒன்று இருக்கும், திறந்து ஒரு கார்டைப் போட்டால், திரை செத்திருந்தாலும் மார்க் அத்தனையையும் கம்பெனியில் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். சொன்னேன். அந்தப் பக்கம் தொண்டையைச் செருமினார்.

"அத தம்பி அடைச்சுட்டாம்மா."

"இன்னாது?"

"பைபர் ஓட்டைக்குப் போடுவோம் பாரு, கலந்து தடவுற பசை. அத வச்சி அடைச்சி, உப்புத்தாளு போட்டுத் தேச்சி, மேல கறுப்பு பெயிண்டும் அடிச்சுட்டான். மூடி இருந்த எடமே தெரியாது. அவ்ளோ நீட்டா செஞ்சிருக்கான்."

ஏன் என்று கேட்டேன். ஏன் என்றால், மார்க்கைத் திருடுவார்கள். சிநேகிதம் போல ஒருத்தன் படகில் ஏறி, பீடி பற்றவைக்கிற நேரத்தில் கார்டைச் சொருகி மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடுவான். அதனால் இவர்கள் மார்க்கை யாரிடமும் சொல்வதில்லை, எழுதுவதில்லை, கரையில் நின்று வாய்விட்டுப் பேசுவதுகூட இல்லை. தம்பி கெட்டிக்காரன். யாரும் எடுக்க முடியாதபடி செய்துவிட்டுப் போயிருக்கிறான். நான் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டேன். அடப் பாவி மனுஷா!

இருந்தாலும் விடவில்லை. அந்த மூடி இருந்த இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி (அவர் போனில் கேமரா கிடையாது, பக்கத்து வீட்டுப் பையன் எடுத்துக் கொடுத்தான்), என் டீம் லீடருக்கு அனுப்பினேன். சென்னைப் பையன், என்னைவிடச் சின்னவன், நல்லவன்தான். "அக்கா, சப்போர்ட் முடிஞ்ச மாடல். இந்தக் கம்ப்ளெயிண்ட் டிக்கெட்ட க்ளோஸ் பண்ணிடுங்க," என்றான். ஆள் விழுந்த இடமப்பா அது என்றேன். அவன் கொஞ்சம் யோசித்து, கருவி செய்கிற தேசத்துக்கே எழுதிப் பார்த்தான். பதில் வந்தது. வாடிக்கையாளர் கருவியின் உடலைச் சேதப்படுத்தியிருக்கிறார், எனவே உதவ இயலாது, கருவியைச் சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லாத முறையில் அப்புறப்படுத்தவும். கீழே ஒரு பச்சை இலைப் படம். அந்த இலையைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்காரர் சாயங்காலம் வந்து என்ன ஆச்சு என்று கேட்டதற்கு அவர் மேல் பாய்ந்துவிட்டேன். பாவம், அவர் அன்று சிரிக்கக்கூட இல்லை.

கத்திரி தொடங்கியது. செஞ்சி வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பகலெல்லாம் பாறை வாங்கிக்கொள்ளும், பிறகு ஊர் மேல் விடும். அந்த நாட்களில் என் லேப்டாப் மதியம் ஆனால் தானாக அணைந்துவிடும். நான் ஒரு ஈரத் துணியை மடித்துப் போட்டு, அதன் மேல் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து, அதன் மேல் லேப்டாப்பை வைத்து வேலை செய்வேன். சூடு இறங்கினால் உயிர் வந்துவிடும். அன்றைக்கு அப்படித் தட்டைக் கவிழ்க்கும்போது கை நின்றது. என் சொந்தப் போனிலிருந்தே அவருக்குப் போன் போட்டேன்.

"ணே, அந்த மிஷினு எந்நேரமும் ஒரே மாதிரியா இருக்குது? இல்ல காலையில கொஞ்சம் தேவலையா?"

"விடிஞ்சதும் போட்டா படம் கொஞ்ச நேரம் நிக்கும்மா. வெயிலு ஏறிட்டா அதுவும் இல்ல."

"ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. மிஷின பிளாஸ்டிக் கவர்ல நல்லா சுத்தி ஐஸ் பெட்டில வைங்க."

"மீனு போடற பெட்டிலயா?"

"அதேதான்."

"கம்பெனி சொல்லுதா, நீ சொல்றியா?"

"நான்தான் சொல்றேன். கம்பெனி குப்பைல போடச் சொல்லுது."

அவர் சிரிக்கவில்லை. "சரி," என்றார்.

கருவி எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியாது. அதனால் முதலில் செத்த மெஷினை வைத்தே ஒத்திகை பார்த்தோம். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, எண் தெரியும். கறுத்த திரையை மடியில் வைத்துக்கொண்டு, நான் சொல்லச் சொல்ல அவர் பட்டன்களைத் தட்டுவார். மெனு. கீழே. கீழே. நடுப் பட்டன். நானும் இங்கே காலி மேசையில் அதே மாதிரி விரலால் தட்டுவேன். நீலத் திரை அசைந்துகொண்டிருக்கும். இல்லாத படத்தில் இல்லாத வரிகளைத் தாண்டி நாங்கள் இரண்டு பேரும் போய்க்கொண்டிருப்போம். அது என்னவோ எனக்குப் பிடித்திருந்தது. சில நாள் போன் வைத்த பிறகும் விரல் தட்டிக்கொண்டே இருக்கும்.

முதல் முயற்சி வீணாய்ப் போயிற்று. ஐஸிலிருந்து எடுத்துப் போட்டதும் படம் வந்தது, பட்டியலும் வந்தது. ஆனால் அது தம்பி வருஷக்கணக்காகப் போட்ட மார்க்குகள். கீழே, கீழே என்று அமுக்கிக்கொண்டே போகிறார், கை தூக்கிய உருவம் வரவில்லை, திரை கறுத்துவிட்டது. அந்தப் பக்கம் ஒரு வயதான குரல், "இன்னாடா ஆச்சி, இருக்கானா?" என்று கேட்டது. அவர் போனை அணைக்காமலேயே கீழே வைத்துவிட்டார் போல. ரொம்ப நேரம் நான் அந்த வீட்டின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மின்விசிறி, தூரத்தில் கடல்.

அடுத்த நாள் நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "ணே, அந்த மார்க்குக்கு அப்புறம் எத்தன மார்க் போட்டீங்க?"

"எதுக்குக் கேக்கற?"

"சொல்லுங்களேன்."

"ஒண்ணுகூட போடலம்மா. கை வரல."

அப்படியானால் அதுதான் பட்டியலில் கடைசி. பட்டியலின் தலையில் நின்றுகொண்டு மேலே போகும் பட்டனை ஒரு தரம் அமுக்கினால் அது சுற்றிக்கொண்டு கடைசி வரிக்குப் போய்விடும். ஒரே ஒரு தட்டு. இது எனக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டாமா?

மறுநாள் காலை. மெஷின் முழுப் பொழுதும் ஐஸில் கிடந்திருந்தது. அவர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார், சத்தம் கேட்டது. படகு பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுவந்திருந்தார். அம்மா பக்கத்தில். "போடட்டா?" என்றார். போடுங்கள் என்றேன். மெனு. கீழே. கீழே. நடுப் பட்டன். மேலே.

"வந்துட்டான்," என்றார். "கையத் தூக்கினு நிக்கிறான்மா."

"நடுப் பட்டன அழுத்துங்க. ரெண்டு வரி நம்பர் வரும். படிங்க, நான் எழுதிக்கிறேன்."

சத்தமே இல்லை.

"ணே! படிங்கண்ணே! அணைஞ்சிடப் போவுது!"

"எந்த ஊரும்மா நீ?"

"இப்ப அதுவா முக்கியம்?"

"சொல்லும்மா."

எனக்குப் புரிந்தது. மார்க்கை வாய்விட்டுச் சொல்வது அவர் பிறந்ததிலிருந்து செய்யாத காரியம். எதிரே எண் நிற்கிறது, நாக்கு வரமாட்டேன் என்கிறது. எங்கள் கம்பெனியிலோ ஊர் பெயர் சொல்லக் கூடாது என்று கண்டிப்பு. நான் அந்தக் கண்டிப்பைத் தூக்கி மூலையில் போட்டேன்.

"செஞ்சிண்ணே."

"எது, கோட்டை இருக்குதே, அந்தச் செஞ்சியா?"

"அதே செஞ்சிதான்."

"அங்க படகே கெடயாதேம்மா."

"ஏரியிலயே தண்ணி இல்ல, படகுக்கு எங்க போவறது? படிங்கண்ணே, உங்களுக்குப் புண்ணியமா போவும்!"

அவர் சிரித்தார். அத்தனை நாளில் அதுதான் முதல் தடவை. பிறகு ஒவ்வொரு எண்ணாக, விரலை வைத்துப் படிக்கிற குழந்தை மாதிரி படித்தார். நான் திருப்பிச் சொன்னேன். அம்மா பின்னாலிருந்து, "சரியா சொல்லுடா, மெதுவா சொல்லு," என்றது. இரண்டாவது வரியின் கடைசி எண் முடிந்ததும் திரை கறுத்தது. அதற்குப் பிறகு ஐஸுக்கும் அது அசையவில்லை. தம்பி போட்ட மற்ற மார்க் அத்தனையும் அதோடு போயிற்று.

"அவ்வளவும் போச்சேண்ணே," என்றேன்.

"மீனு எங்கியாச்சும் கெடைக்கும்மா."

நீங்களும் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நான் இன்னொரு தரம் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். அந்த இடம் நல்ல பார். மீன் எப்போதும் நிற்கும். எழுதி வைத்தால் எவன் கண்ணிலாவது படும்.

"எவனாச்சும் போயி வலை போடுவான். எந்தம்பி மேல வலை போட வுடுவனாம்மா? நாங்களே அதுக்கப்புறம் அங்க போடல. ஒங்கிட்டயே இருக்கட்டும். செஞ்சில பத்திரமா இருக்கும். அந்த நாளு வந்தா கேட்டு வாங்கிக்கறேன்."

டிக்கெட்டை மூடியாக வேண்டும். சரிசெய்யப்பட்டது, மாற்றித் தரப்பட்டது, உதவ இயலாது என்று மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். எது உண்மை என்று எனக்குத் தெரியவில்லை. ஏதோ ஒன்றை அமுக்கினேன். மூடியதும் அதில் தட்டி வைத்த எல்லாம் அழிந்துவிடும், அது கம்பெனி வழக்கம். மேசையில் எழுதிய துண்டுக் காகிதத்தையும் கிழித்துப் போட்டேன். காகிதம் என் வீட்டில் தங்காது. வீட்டுக்காரர் கடையில் விதை மடிக்க எடுத்துக்கொண்டு போய்விடுவார். எண்ணை மனப்பாடம் செய்துகொண்டேன்.

அதன் பிறகு பிடித்தது பயம். சாவியை வைத்த இடம் மறக்கிறவள் நான். அடுப்பில் பாலை வைத்து மறக்கிறவள். எண்ணில் ஒன்று தவறினால் அந்த அம்மா வேறு ஏதோ தண்ணீரைப் பார்த்து அழும், யாருக்கும் தெரியாது.

ஒரு நாள் சும்மா என் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய், நான் நிற்கும் இடத்தின் எண்ணைப் பார்த்தேன். முதல் வரி, வடக்கு தெற்கைச் சொல்வது, ஒன்றேதான். பன்னிரண்டு டிகிரி, அதன் பின் வருகிற நிமிடமும் அப்படியே. இரண்டாவது வரிதான் வேறு. அதாவது என் வீட்டு மாடியிலிருந்து கோடு பிடித்த மாதிரி நேர் கிழக்கே, வயலும் ஊரும் உப்பளமும் தாண்டி, கரையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தால் அவன் இருக்கிறான். இத்தனை காலமும் நேர் எதிரில் இருந்திருக்கிறான். நான் துணி உலர்த்திக்கொண்டு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து காலையில் துணி காயப்போடும்போது கிழக்கே பார்த்து அந்த இரண்டு வரியையும் சொல்வேன். ஈரச் சேலை காற்றில் உப்பி எழும். அதற்கு அந்தப் பக்கம் வெளிச்சத்தில் எதுவும் தெரியாது. மலையேறும் கூட்டத்தின் சத்தம், பஸ் ஸ்டாண்டில் மேல்மலையனூர், மேல்மலையனூர் என்று கூவும் சத்தம், எல்லாம் தண்ணீருக்கு மேலிருந்து வருவது போல மங்கலாக வரும். நான் அடியில் நிற்பேன். பயமாக இருக்காது. பக்கத்து மாடிக்காரம்மா, "இன்னா மந்திரம் சொல்றே தினமும்?" என்று கேட்டது. வேண்டுதல் என்று சொல்லிவைத்தேன்.

ஆனி வந்தது. காலையில் போன். காற்று பலமாக இருந்தது, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"நான்தாம்மா. பொறப்பட்டுட்டோம். புது மிஷினு வாங்கியிருக்கேன். ஒங்க கம்பெனி இல்ல, கோச்சிக்காத."

"நல்ல வேலை செஞ்சீங்க," என்றேன். "அம்மா வந்திருக்குதா?"

"முன்னாடி ஒக்காந்திருக்குது. ஊர்ல நாலு பேரு நாலு விதமா சொன்னாங்க. போங்கடான்னு ஏத்திக்கினு வந்துட்டேன். நம்பரச் சொல்லு."

நான் மாடிக்கு ஓடினேன். கிழக்கே பார்த்து நின்றுகொண்டேன். ஒரு எண்கூடத் தடுமாறாமல் இரண்டு வரியும் சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார். சரி என்றேன். இடம் ரொம்பத் தூரமில்லை. போன் சிக்னல் விட்டு விட்டுக் கிடைக்கிற தூரம்தான். அவ்வளவு பக்கத்திலா என்று அப்போதுதான் நெஞ்சில் பட்டது. வைக்காதே, இரு என்றார். நான் இருந்தேன். இன்ஜினும் காற்றும், இன்ஜினும் காற்றும். பிறகு இன்ஜின் நின்றது.

எனக்கு அந்த மாதிரி ஓர் அமைதியைக் கேட்ட ஞாபகமே இல்லை. படகின் பக்கத்தில் தண்ணீர் தட்டுகிற சத்தம் மட்டும்.

"வந்துட்டம்மா. இங்கதான்."

யாரும் அழவில்லை. சின்னதாக ஒரு 'ளொப்' என்ற சத்தம். கொஞ்சம் விட்டு இன்னொன்று. வேர்க்கடலை உருண்டை என்று புரிந்தது. ஒவ்வொன்றாக. அம்மாதான் விட்டுக்கொண்டிருக்கிறது போல. நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நேர் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பின்னால் மலை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

பிறகு போன் கை மாறும் சத்தம். மூச்சு வாங்கும் ஒரு குரல், ரொம்பக் கிட்டத்தில்.

"எம்மா, எம்புள்ள இத்தினி நாளா ஒங்கிட்டதான் இருந்தானாமே?"

நான் கைப்பிடிச் சுவரை விட்டுவிட்டு இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆமாம்மா," என்றேன். "பத்திரமா இருந்தாரு."